2024 சீசனுக்கு முன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி எடுத்த ஆட்களில் உண்மையிலேயே உருப்படியானவர் யார்?

எல்லோரும் பந்தும் வீசி மட்டையும் பிடிக்கும் ஜப்பான்காரர் ஷோஹேய் ஓட்டானி என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. வந்த முதல் வருடமே 54 ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) அடித்து, 59 பேஸ் திருடி (அடி விழாமலே அடுத்த முனைக்கு ஓடிச் சேர்வது), லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கியவரை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கேள்வியில் "உண்மையிலேயே" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதனால் என் ஓட்டு டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் என்ற பேட்டருக்கு. ஒரே ஒரு வருட ஒப்பந்தம், 2.35 கோடி டாலர். அந்தக் குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் கைமாறிய பணத்துக்கு முன்னால் இது சில்லறை.

அந்த அணிக்கு அப்போது என்ன வியாதி என்று தெரிந்தால்தான் மருந்தைப் பற்றிப் பேச முடியும். 2023 சீசனில் டாட்ஜர்ஸ் 100 ஆட்டம் ஜெயித்தது. அதற்கு முந்தைய வருடம் 111. இரண்டு முறையும் பிளேஆஃபில் கலந்துகொண்ட முதல் தொடரிலேயே வீட்டுக்கு. 2023 அக்டோபரில் அரிசோனாவோடு முதல் ஆட்டம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வாக்கில். காபி டம்ளரோடு உட்கார்ந்தேன். காபி ஆறுவதற்குள் டாட்ஜர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா 6 ரன் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு அவுட்டோடு வெளியே போய்விட்டார். மூன்று ஆட்டமும் தோல்வி. அந்த மூன்றிலும் ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சர்கள் மூவரும் சேர்ந்து எடுத்தது மொத்தம் 14 அவுட். ஓர் ஆட்டத்துக்கே 27 அவுட் வேண்டும். ஆக, வியாதி பிட்சிங். அது அமெரிக்காவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்புறம் டிசம்பர் வந்தது. 8ஆம் தேதி முழுக்க ஒரே கூத்து. ஓட்டானி கனடாவின் டொராண்டோ அணியில் சேரப் பறக்கிறார் என்று வதந்தி கிளம்பி, கலிஃபோர்னியாவிலிருந்து கிளம்பிய ஒரு தனி விமானத்தை ஊரே இணையத்தில் துரத்தியது. அது தரையிறங்கிப் பார்த்தால், உள்ளே இருந்தவர் ராபர்ட் ஹெர்ஜாவெக் என்ற கனடியத் தொழிலதிபர். மறுநாள் ஓட்டானியே இன்ஸ்டாகிராமில் டாட்ஜர்ஸ் சின்னத்தைப் போட்டு விஷயத்தை முடித்தார்.

10 வருடம், 70 கோடி டாலர். அன்றைய கணக்கில் ஐயாயிரத்து எண்ணூறு கோடி ரூபாய்க்குப் பக்கம். ஆனால் அதில் 68 கோடியை வட்டியில்லாமல் பின்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவரே முன்வந்தார். ஆடும் பத்து வருடமும் வருடத்துக்கு 20 லட்சம் டாலர்தான். மிச்சம் 2034 முதல் 2043 வரை வருடத்துக்கு 6.8 கோடி. விளம்பர வருமானமே அவருக்கு ஏகப்பட்டது, அதனால் இதைத் தியாகம் என்று யாரும் உருக வேண்டாம். அணிக்கு இதில் என்ன லாபம் என்றால், ஐபிஎல் ஏலத்தில் இருப்பதுபோல பேஸ்பாலில் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற கறாரான உச்சவரம்பு கிடையாது. சம்பளப் பட்டியல் ஒரு கோட்டைத் தாண்டினால் சொகுசு வரி கட்ட வேண்டும். 2024க்கு அந்தக் கோடு 23.7 கோடி டாலர். பின்னால் தரப்போகும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு என்பதால், வரிக் கணக்கில் ஓட்டானி வருடத்துக்கு 7 கோடியாக இல்லாமல் சுமார் 4.6 கோடியாகத்தான் விழுகிறார். அப்படியும் டாட்ஜர்ஸ் அந்த வருடம் கட்டிய வரி 10.3 கோடி டாலர். வரி மட்டும்!

இதில் ஒரு வேடிக்கை. முழங்கையில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால், ஓட்டானி 2024இல் பந்து வீசவே முடியாது, மட்டை மட்டும்தான். பிட்சிங் வியாதிக்கு முதல் மருந்தாக 70 கோடிக்கு ஒரு பேட்டரை வாங்கியிருந்தார்கள்.

பிட்சர்களையும் வாங்கினார்கள்தான். டாம்பா பே அணியிலிருந்து டைலர் கிளாஸ்னோ, கூடவே மனுவேல் மார்கோ. பதிலுக்கு ரயன் பெப்பியோ, ஜானி டெலூகா என்ற இரண்டு இளைஞர்கள் போனார்கள். கிளாஸ்னோவுக்கு 5 வருடத்துக்கு 13.65 கோடி டாலர். ஆளும் உயரம், வேகமும் பயங்கரம், ஆனால் அதுவரை எந்த சீசனிலும் 120 இன்னிங்ஸுக்கு (மூன்று அவுட் எடுத்தால் ஒரு இன்னிங்ஸ்) மேல் வீசியதில்லை. உடம்பு அப்படி. அடுத்து ஜப்பானின் ஓரிக்ஸ் பஃபலோஸ் அணியிலிருந்து யோஷினோபு யமமோட்டோ. 25 வயது, 12 வருடம், 32.5 கோடி. அங்கே தொடர்ந்து மூன்று வருடம் சிறந்த பிட்சருக்கான சவாமுரா விருது வாங்கியவர், ஆனால் அமெரிக்காவில் ஒரு பந்துகூட வீசாதவர். அவரை விட்டுக்கொடுத்ததற்கு ஓரிக்ஸுக்குத் தனியாக 5.06 கோடி. இந்த மூன்று பேருக்கு மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் எழுதிக்கொடுத்தாகிவிட்டது.

சரி, டியோஸ்கருக்கு வருகிறேன்.

பேஸ்பாலில் பணத்தை விடப் பெரிய தட்டுப்பாடு ஒன்று உண்டு: இடம். எந்த அணியும் 40 பேர் பட்டியல் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதில் பெயர் உள்ளவர்கள்தான் பெரிய லீக்கில் ஆட முடியும், அவர்களிலும் அன்றாடம் களத்துக்கு வருவது 26 பேர். புதிதாக ஒருவரைச் சேர்த்தால், பழைய ஒருவர் எழுந்து இடம் விட வேண்டும். ஜனவரியில் டாட்ஜர்ஸ் பட்டியல் நிரம்பி வழிந்தது. டியோஸ்கர் வர வேண்டும், ஜேம்ஸ் பாக்ஸ்டன் என்ற இன்னொரு பிட்சரும் வர வேண்டும். யாரை எழுப்புவது?

எழுப்பப்பட்டவர்களில் ஒருவர் மைக்கேல் புஷ். 2019இல் முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஓக்லஹோமா சிட்டியில் இருந்த கிளை அணியில் பந்தைப் பிளந்துகொண்டிருந்தார். ஆனால் ஆடுவதற்கு இடம் எங்கே? முதல் பேஸில் ஃப்ரெடி ஃப்ரீமேன். மூன்றாவது பேஸில் மேக்ஸ் மன்சி. ஃபீல்டிங் செய்யாமல் மட்டை மட்டும் பிடிக்கும் இடமும் ஓட்டானி வந்ததும் அடைபட்டுவிட்டது. யென்சி அல்மோன்டே என்ற பிட்சரோடு சேர்த்து அவரை சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டு, இன்னும் பட்டியலில் ஏறத் தேவையில்லாத இரண்டு சின்னப் பையன்களை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாற்காலி காலி. ஒன்றில் டியோஸ்கர் உட்கார்ந்தார்.

டியோஸ்கரின் நிலையும் அப்போது பிரமாதமாக இல்லை. முந்தைய வருடம் சியாட்டிலில் 26 ஹோம் ரன் அடித்திருந்தாலும், 211 முறை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்) ஆகியிருந்தார். நல்ல விலைக்கு நீண்ட ஒப்பந்தம் கிடைக்காத நிலையில், ஒரு வருடம் நன்றாக ஆடிக்காட்டிவிட்டு மறுபடி சந்தைக்கு வரலாம் என்று கணக்குப் போட்டார். அதிலும் 85 லட்சம் டாலரைப் பின்னால் தருகிறோம் என்றது அணி. ஓட்டானியிடம் கற்ற வித்தையை உடனே அடுத்தவரிடம் காட்டிவிட்டார்கள்.

சீசன் தொடங்கியது தென் கொரியாவில், சியோலில். இரண்டாவது ஆட்டத்தில் யமமோட்டோ முதல்முறையாகக் களமிறங்கினார். நமக்கு மதியம் மூன்றரை மணி. ஆபீசில் மடிக்கணினிக்குப் பின்னால் போனைச் சாத்திவைத்துப் பார்த்தேன். முதல் பந்திலேயே அடி. ஒரே இன்னிங்ஸ், 43 பந்து, 5 ரன், அதோடு வெளியே. ஆட்டம் 15-11 என்று தோற்றது. 32.5 கோடி போச்சு என்று அன்றைக்கு நானும் எங்கோ எழுதித் தொலைத்தேன். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை, இருக்கட்டும்.

பின்னால் அவர் நன்றாகவே வீசினார், ஆனால் தோள்பட்டை காயத்தில் மூன்று மாதம் போல உட்கார வேண்டியதாயிற்று. கிளாஸ்னோ 134 இன்னிங்ஸ் வீசினார், அவருக்கு அதுவே சாதனை, ஆகஸ்டில் முழங்கை மக்கர் செய்து சீசனே முடிந்தது. அக்டோபர் வந்தபோது கையில் இருந்த ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள்) மூன்றே பேர். சான் டியேகோவோடு முதல் தொடரின் நான்காவது ஆட்டத்தை, நடுவில் வந்து வீசும் ரிலீவர்களை வரிசையாக வைத்தே ஒப்பேற்றினார்கள். போன வருட வியாதி அப்படியே இருந்தது.

இந்த நேரத்தில்தான் சில்லறைக்கு வாங்கிய ஆள் வேலை செய்தார். சீசன் முழுக்க 33 ஹோம் ரன், 99 ரன் உள்ளே கொண்டுவந்திருந்தார். சான் டியேகோவோடு வாழ்வா சாவா ஐந்தாவது ஆட்டம், யமமோட்டோ 5 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை, ஆட்டம் 2-0. அந்த இரண்டு ரன்னில் ஒன்று டியோஸ்கரின் ஹோம் ரன்.

அப்புறம் நியூயார்க் யாங்கீஸோடு உலகத் தொடரின், அதாவது இறுதித் தொடரின், ஐந்தாவது ஆட்டம். அமெரிக்காவில் அக்டோபர் 30 இரவு, நமக்கு 31ஆம் தேதி விடியற்காலை. தீபாவளி! தலையில் எண்ணெய் வழிய, போனை ஜன்னலில் சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "தண்ணி ஆறிடும்டா" என்று அம்மா மூன்று தடவை கத்தியாகிவிட்டது. டாட்ஜர்ஸ் 0-5 என்று பின்தங்கியிருந்தது, சரி, குளித்துவிடலாம் என்று எழுந்தேன். ஐந்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் ஃபீல்டிங் சொதப்ப ஆரம்பித்தது. டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் அடியில் ஒரு ரன், ஃப்ரீமேன் அடியில் இரண்டு. இரண்டு அவுட் ஆகியிருக்க, டியோஸ்கர் சென்டர் ஃபீல்டில் தூக்கி அடித்தார், இரண்டு பேர் ஓடி வந்தார்கள். 5-5. வெளியே யாரோ சரம் வெடித்தார்கள், எனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டம் 7-6, கோப்பை டாட்ஜர்ஸுக்கு.

தொடர் நாயகன் விருது ஃப்ரீமேனுக்குப் போனது, நியாயம்தான். டியோஸ்கர் போட்ட கணக்கும் பலித்தது: 2025 ஜனவரியில் அதே அணி 3 வருடத்துக்கு 6.6 கோடி கொடுத்து அவரை மறுபடி எடுத்துக்கொண்டது.

புஷ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கப்ஸில் முதல் வருடமே நிரந்தர இடம், 21 ஹோம் ரன். 2025 சீசனை டோக்கியோவில் தொடங்கினார்கள், டாட்ஜர்ஸும் கப்ஸும். டாட்ஜர்ஸுக்கு யமமோட்டோ, இந்த முறை 5 இன்னிங்ஸ், ஒரே ரன். விலா வலி என்று ஃப்ரீமேன் ஆடவில்லை. முதல் பேஸுக்கு ஆள் இல்லாமல், கிடைத்த இடத்தில் எல்லாம் ஆடும் கீகே ஹெர்னாண்டஸை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கப்ஸ் பக்கம் முதல் பேஸில் நின்றிருந்தது புஷ்.