புள்ளிக்குதிரைக்கு ஓர் ஆயுள்

கேள்வி: அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பண்ணை வைத்திருக்கும் சிலர், புள்ளிக்குதிரைகளைப் பெருக்குவதிலேயே வாழ்நாளைக் கழிக்கிறார்களாம். வெறும் தோல் நிறத்துக்கா இத்தனை பாடு?

பதில்: நிறத்துக்காகவும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பலூசா என்னும் அந்த இனம் ஒருமுறை கைநழுவிப்போய் மீட்கப்பட்டது என்பதை அறிந்தால், அவர்களுடைய பிடிவாதம் புரியும். இன்றைய ஐடஹோ, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் கூடும் நிலப்பகுதியில் வாழ்ந்த நெஸ் பெர்ஸ் பழங்குடியினர், தரம் குறைந்த ஆண் குதிரைகளைக் காயடித்துவிட்டு, நல்லவற்றை மட்டுமே பொலிக்கு விட்டார்கள். 1806இல் அவ்வழியே வந்த அமெரிக்க ஆய்வுப் பயணி மெரிவெதர் லூயிஸ், அந்தக் குதிரைகளின் தரத்தை மெச்சி, அவற்றுள் சில வெள்ளைத் திட்டுகள் உடையவை என்று நாட்குறிப்பில் எழுதினார். ('சில' என்பதைக் கவனியுங்கள்; அவர்களிடம் இருந்தவை யாவும் புள்ளிக்குதிரைகளே என்பது பிற்காலத்தார் கட்டிய கதை.) 1877ஆம் ஆண்டுப் போரில், அமெரிக்க ராணுவத்துக்குத் தப்பி 1,800 கிலோமீட்டருக்கும் மேல் சென்ற அம்மக்களில் பலர், கனடா எல்லைக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் இருக்கையில் சரணடைந்தார்கள். அவர்களுடைய குதிரைகள் பறிபோயின. எஞ்சியவை பல கைகளுக்கு மாறி, வேறு இனங்களோடு கலந்தன. ஆரிகன் மாநிலத்து மோரோவைச் சேர்ந்த விவசாயி கிளாட் தாம்சன் 1938இல் அப்பலூசாவுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கிய பின்னரே, வம்சாவளிப் பதிவேடு என ஒன்று ஏற்பட்டது.

கேள்வி: புள்ளியுள்ள இரண்டைச் சேர்த்தால் புள்ளிக்குட்டி பிறந்துவிடாதா? இதற்கு ஓர் ஆயுள் எதற்கு?

பதில்: அப்படி வாய்த்தால் இந்தத் தொழிலில் சுவையே இராது! எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும்; புள்ளிக்கு அடிப்படையான மரபணுவில் ஒரே பிரதி உள்ள இரு குதிரைகளைச் சேர்த்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குட்டி வெறும் ஒற்றை நிறமாகவே பிறக்கும். உடலெங்கும் சிறுத்தைப் புள்ளிகள் பரவ வேண்டுமானால், வெள்ளையின் பரப்பைக் கூட்டும் இன்னொரு மரபணுவும் உடன் வர வேண்டும். பிறக்கும்போது புள்ளியின்றி இருந்து, வளர வளர நிறம் மாறும் குட்டிகளும் உண்டு. ஆகையால், அனுபவசாலிகள் குட்டி விழுந்ததும் முதுகை மட்டும் பார்த்து ஏமாறாமல், குளம்பில் நெடுக்குக் கோடுகளும் மூக்கோரத் தோலில் இளஞ்சிவப்புத் திட்டுகளும் தெரிகின்றனவா, கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். சினைக்காலம் 11 மாதம். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. அது தாயாகவோ தந்தையாகவோ ஆவதற்கு மேலும் மூன்று நான்கு ஆண்டுகள். நாற்பது ஆண்டுகள் உழைத்தாலும், ஒருவர் காணக்கூடியவை எட்டு அல்லது ஒன்பது தலைமுறைகள்தாம்.

இதில் எனக்கு வியப்பூட்டுவது வேறொன்று. எந்தப் பெட்டையோடு சேர்த்தாலும் புள்ளி மரபணுவைத் தவறாமல் கடத்தும் பொலிகுதிரை, அம்மரபணுவின் இரண்டு பிரதிகளையும் கொண்டது. ஆனால் அதன் வெண்ணிற உடலில் புள்ளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிலவற்றில் அறவே இரா. அந்த மரபணு கண்ணின் விழித்திரையிலும் வேலை செய்வதால், இரண்டு பிரதிகள் உள்ள குதிரைக்குப் பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும். பகலில் அதன் பார்வைக்குக் குறையில்லை. ஆகவே, பண்ணையின் விலைமதிப்புள்ள அந்தக் குதிரையை, பொழுது சாயுமுன்பே பழகிய லாயத்தில் கொண்டுவந்து கட்டிவிடுவது நல்லது.