ஹார்லத்துப் போலீஸ்: கடிதம்

வணக்கம் சார்,

நீங்கள் சொன்னதால், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லம் பகுதியை வைத்து அமெரிக்க எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ் எழுதிய முதல் துப்பறியும் நாவலைப் படித்தேன். ஒட்டவில்லை. சொந்த ஜனங்களையே போட்டு அடிக்கிற இரண்டு கறுப்பினப் போலீஸ்காரர்கள், பக்கத்துக்குப் பக்கம் ரத்தம், நடுவில் காமெடி வேறு. எங்கள் ஏரியாவை சினிமாவில் காட்டுகிற மாதிரியே இருக்கிறது. துப்பறியும் கதை என்றால் ரேமண்ட் சாண்ட்லர் இருக்கிறாரே, அவரை விட்டுவிட்டு இவரை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

ஒரு வாசகர், வியாசர்பாடி

நண்பருக்கு,

நானும் ராயபுரத்துக்காரன்தான். வடசென்னை என்றாலே அரிவாள் என்று எடுக்கிற படங்களைப் பார்த்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்தப் படங்களில் ரவுடியைத் தவிர மற்றவர்களுக்கு அலறி ஓடுவதுதான் வேலை. ஹைம்ஸிடம் தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. நீங்கள் படித்த நாவலில் வரும் ஜாக்சனையே பாருங்கள். சவ அடக்கம் செய்யும் கடையில் வேலை, கடவுள் பயம் உள்ள ஆள், பத்து டாலர் நோட்டை நூறாக்கித் தருகிறோம் என்றதும் கையிலிருந்த 1,500 டாலரையும் கொடுத்துவிட்டு, நோட்டுச் சுருள்கள் அடுப்புக்குள் வேகிறதை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுப்பு வெடிக்கிறது, போலி அதிகாரி உள்ளே வருகிறான். இரிடியம் கலசத்தில் பணத்தை விட்டவர்கள் நம் பக்கம் இல்லையா என்ன? அவனுடைய இரட்டைச் சகோதரனோ கன்னியாஸ்திரி வேஷத்தில் சொர்க்கத்துக்கு டிக்கெட் விற்கிறான்! சிரிப்பு வருகிறது, ஆனால் இளக்காரமாகச் சிரிக்க முடியவில்லை.

ஹைம்ஸ் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் இல்லை. 1928-இல், 19 வயதில், ஆயுதக் கொள்ளைக்காக 20 முதல் 25 வருடத் தண்டனை வாங்கி ஒஹையோ சிறைக்குப் போனவர், எழுத ஆரம்பித்ததே அங்கேதான். பிற்பாடு பாரிஸில் மார்செல் துஹாமெல் என்ற பதிப்பாசிரியர் கேட்டுத்தான் துப்பறியும் கதைக்கு வந்தார். 1958-இல் பிரான்ஸ் அந்த முதல் நாவலுக்குப் பெரிய பரிசு கொடுத்தது, அமெரிக்காவில் அது மலிவுப் பதிப்பாக வந்து போனது.

அந்த இரண்டு போலீஸ்காரர்களையும் நல்லவர்கள் என்று ஹைம்ஸ் எங்கே சொல்கிறார்? மாமூல் வாங்குவதையே அவர் மறைக்கவில்லை. மேலே வெள்ளை அதிகாரிகள், கீழே இவர்களை நம்பாத சொந்த ஜனம். சாண்ட்லரின் துப்பறிவாளன் மார்லோ கேஸ் முடிந்தால் அறைக்குப் போய் தனியாகச் செஸ் ஆடலாம், இவர்களுக்கு மறுநாளும் அதே தெருவில் டியூட்டி. 1969-இல் வந்த நாவலில் வழக்கே முடிவதில்லை, இடிக்கிற கட்டடத்திலிருந்து ஓடிவரும் எலிகளைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார்கள். சாண்ட்லரின் வாக்கியம் அழகுதான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் இந்தக் கோபம் அவரிடம் கிடையாது.

சரி, முதல் நாவலை விடுங்கள். 1965-இல் வந்த 'காட்டன் கம்ஸ் டு ஹார்லம்' எடுங்கள். ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போகலாம் என்று சொல்லி ஒரு பாதிரியார் 87 குடும்பங்களிடம் குடும்பத்துக்கு ஆயிரம் டாலர் வசூலிக்கிறார், பணம் பறிபோகிறது. அதை மீட்க இவர்கள் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள், அப்புறம் சண்டை போடலாம்.