நீலக்கல்லுக்குள் வெள்ளை ஊசிகள்: வாங்கலாமா?

கேள்வி: தினமும் அணிய மூன்று காரட் நீலக்கல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். "காஷ்மீர் கல், சூடுபடுத்தாதது" என்கிறார் விற்பவர். லென்ஸில் பார்த்தால் உள்ளே மெல்லிய வெள்ளை ஊசிகள் தெரிகின்றன. இது தோஷமுள்ள கல்லா?

பதில்: ஊசிகளைக் கண்டு நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் 'காஷ்மீர்' என்ற சொல்லைக் கேட்டுத்தான்.

நீலமும் கெம்பும் ஒரே கனிமம்: குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்சைடு. (உலகம் கொரண்டம் என்று சொல்வது நம் சொல்லைத்தான்.) குரோமியம் கலந்தால் கெம்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். கல் பூமிக்குள் மெல்ல ஆறும்போது டைட்டானியத்தில் கொஞ்சம் ரூட்டைல் என்ற நுண்ணிய ஊசிகளாகப் பிரிந்துவிடும். மூன்று திசைகளில், 60 பாகைக் கோணத்தில் அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். தொழிலில் இதற்குப் 'பட்டு' என்று பெயர். பட்டு அடர்ந்த கல்லைக் குவிமாடம்போல இழைத்தால் மேலே ஆறு கதிர் நட்சத்திரம் மிதக்கும்.

பட்டு கடும் சூட்டைத் தாங்காது. 1,600 டிகிரி செல்சியஸ் அளவில் ஊசிகள் கரைந்து, டைட்டானியம் கல்லுக்குள் பரவி, நிறம் ஏறும். இலங்கையில் கெவுட என்று ஒதுக்கப்பட்ட பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்துக்காரர்கள் இப்படித்தான் நீலமாக்கினார்கள். இன்று விற்பனைக்கு வரும் நீலங்களில் பெரும்பாலானவை சூடு கண்டவை. அது மோசடி இல்லை, மறைத்து விற்பதுதான் மோசடி. உங்கள் ஊசிகள் கூராக, முழுசாக இருந்தால் கடும் சூடு பட்டிருக்காது. புள்ளி புள்ளியாக அறுந்திருந்தால் பட்டிருக்கிறது.

தோஷம் பற்றி: நீலம் சனிக்கு உரியது என்பது நம் மரபு. ஐரோப்பாவில் அது வானத்தின் நிறம் என்று ஆயர்களின் மோதிரத்தில் ஏறியது. நம்பிக்கை அவரவர் விருப்பம். ஆனால் மாசுமருவற்ற கல்தான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் கையில்தான் செயற்கைக் கல் சுலபமாக வந்து சேர்கிறது. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்நுயில் அறிவித்த முறையில் உலையில் வளர்க்கும் குருந்தம் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். கல்லை வெள்ளைக் கிண்ணத்தில் நீரில் போட்டு லென்ஸில் பாருங்கள். நிறப்பட்டைகள் வளைந்து ஓடினால் உலைக்கல். இயற்கைக் கல்லில் அவை நேராக, அறுகோணம்போல மடங்கும். பட்டை தீட்டிய முகங்களின் விளிம்பில் மட்டும் நிறம் திரண்டிருந்தால் மேலோட்டமாக நிறமேற்றியது.

இனி காஷ்மீர். 1881-ஐ ஒட்டி பாடர் பகுதியில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், நிலச்சரிவு ஒன்று அந்தக் கற்களை வெளியே கொண்டுவந்தது. 1887-க்குள் நல்ல வளம் தீர்ந்துபோனது. ஆகவே உண்மையான காஷ்மீர் நீலம் பெரும்பாலும் பழைய நகைகளிலிருந்துதான் வருகிறது. அதன் வெல்வெட் மினுக்கத்துக்குக் காரணம் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய துகள்கள். மடகாஸ்கர் கற்கள் சிலவும் அப்படியே தோன்றும். அங்கே இலகாகா என்ற இடத்தில் கல் தோண்டத் தொடங்கியதே 1998-இல்தான். நல்ல ஆய்வகம்கூடப் பிறப்பிடத்தைத் தன் கருத்தாகத்தான் எழுதித்தரும். வெறும் கண்ணால் பார்த்து 'காஷ்மீர்' என்பவரை என்ன சொல்வது!

ஊர்ப்பெயர் மட்டும் தரத்தைச் சொல்லாது. இரத்தினபுரிக் கல் வெளிர்நீலம், மியான்மரின் மொகோக் கல் ஆழ்நீலம் என்பதெல்லாம் பொதுப்போக்குதான். ஆஸ்திரேலியக் கற்களில் இரும்பு மிகுதி, பல மைபோலக் கறுத்திருக்கும். டயானாவுக்கு 1981-இல் அணிவித்த நிச்சய மோதிரத்தில் இருந்தது சிலோன் நீலம். பகல் வெளிச்சத்திலும் மஞ்சள் விளக்கிலும் பாருங்கள். இரண்டிலும் நீலம் உயிரோடு இருந்தால் போதும்.

கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் 9 என்பதால் தினமும் அணியத் தாங்கும். கல் இயற்கையா, சூடு பட்டதா, பெரிலியம் ஊட்டல் (சூட்டில் பெரிலியத்தை ஊடுருவவிட்டு நிறத்தை மாற்றுவது) அல்லது கோபால்ட் கண்ணாடி நிரப்பல் (விரிசல்களில் நீலக் கண்ணாடியை நிரப்புவது) உண்டா, பிறப்பிடம் எது என்று நான்கும் எழுதிய அறிக்கையை விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தில் வாங்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் 'காஷ்மீர்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊசிகள் கூராக இருந்தால் கல்லை மட்டும் விலை பேசலாம்.