செக்கூஷ்காவில் இருப்பது கால் லிட்டர்தான், செகா இல்லை

தம்பி, மாஸ்கோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, கீழ்வீட்டுப் பெரியவர் "வரும்போது ஒரு செக்கூஷ்கா வாங்கி வா" என்றதும் என்னவென்று தெரியாமல் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். உன் அறை நண்பன், லெனின் காலத்து ரகசியப் போலீசான 'செகா'விலிருந்து வந்த பெயர் அது என்று சொன்னானாம். உண்மையா என்று கேட்கிறாய். நான் 1998இல் இங்கே வந்தவன். அந்தச் சொல்லை நானும் உன்னைப் போல ஒரு பெரியவரிடம்தான் கற்றேன்.

செக்கூஷ்கா என்பது 250 மில்லி வோட்கா பாட்டில். நம்மூர் குவாட்டர் மாதிரியே பெயருக்குள் கால் ஒளிந்திருக்கிறது. ரஷ்ய மொழியில் காலுக்கு 'செத்வெர்த்'. அதைச் செல்லமாகச் சொன்னால் 'செத்வெர்துஷ்கா'. வாய்க்குள் உருண்டு உருண்டு நடுப்பகுதி தேய்ந்து செக்கூஷ்கா ஆனது என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் செருகும் கடையாணிக்கும் ரஷ்யனில் 'செகா' என்றுதான் பெயர். அதிலிருந்து வந்தது என்போரும் உண்டு. என் ஓட்டு காலுக்கே.

சரி, எதில் கால்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஜார் காலத்தில் வோட்காவை 'வெத்ரோ', அதாவது வாளிக் கணக்கில் அளந்தார்கள். ஒரு வெத்ரோ சுமார் 12.3 லிட்டர். அப்போது 'செத்வெர்த்' என்று கேட்டால் அதில் காலான மூன்று லிட்டர் பாட்டிலைத் தூக்கித் தருவார்கள்! வெத்ரோவில் இருநூற்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 61 மில்லி, இருந்ததிலேயே சின்னது. அதற்கு 'மெர்ஸாவ்சிக்' என்று பெயர். மெர்ஸாவெத்ஸ் என்றால் அயோக்கியன். மெர்ஸாவ்சிக் அயோக்கியக் குட்டி. திட்டும் கொஞ்சலும் ஒரே சொல்லில் இருப்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இன்றும் சின்ன பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

லிட்டர் கணக்குக்கு மாறும் ஆணை 1918இல்தான் வந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் வோட்கா விற்பனையைத் தடை செய்திருந்தார்கள். 40 டிகிரி வோட்கா அரசுக் கடைகளுக்குத் திரும்பியது 1925இல். 'செகா'வையோ 1922லேயே கலைத்து வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கால் லிட்டர் பாட்டில் கடைக்கு வரும் முன்பே செகா போய்விட்டது. அதனால் உன் நண்பன் சொன்ன கதையை நான் நம்பவில்லை. இரண்டு சொற்களின் ஒலி ஒத்துப்போனதில் பிறந்த கதை அது.

எனக்கு இந்தச் சொல் வந்த வழியையும் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் அறையின் வெப்பக் குழாய் ஒழுகியது. கட்டடத்து பிளம்பர் வந்து அடைத்தார். ரூபிளை நீட்டினேன், கையைத் தட்டிவிட்டு "செக்கூஷ்கா" என்றார். விழித்தேன். விரலால் உயரம் காட்டினார். வாங்கி வந்து கொடுத்ததும் கோட்டின் உள்பையில் செருகி, மேலே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். சோவியத் காலத்தில் அரை லிட்டர் 2 ரூபிள் 87 கோபெக், செக்கூஷ்கா 1 ரூபிள் 49 என்று பிறகொரு நாள் விலைப்பட்டியலே ஒப்பித்தார். மூன்று பேர் கிடைத்தால் காசு சேர்த்து அரை லிட்டர், ஆள் சேராவிட்டால் செக்கூஷ்கா.

இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார். ஒன்பதாம் நாள் அவர் மனைவி என்னையும் கூப்பிட்டார். படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை நிறைய வோட்கா, அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. பழக்கதோஷத்தில் என் குவளையைப் பக்கத்தில் இருந்தவர் குவளையோடு மோதப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். இறந்தவர் நினைவாகக் குடிக்கும்போது குவளைகளை மோதக் கூடாது. இதை நீ மறக்காதே. யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்புறம் நடைமுறை. பதினெட்டு வயது ஆனதைக் காட்டப் பாஸ்போர்ட் கேட்பார்கள், எடுத்துப் போ. இரவு 11 முதல் காலை 8 வரை கடையில் விற்பனை கிடையாது. சில மாகாணங்களில் இன்னும் கடுமை. தெருவில், பூங்காவில் நின்று குடித்தால் 500 முதல் 1500 ரூபிள் வரை அபராதம். செக்கூஷ்கா கெட்ட வார்த்தை இல்லை, பேச்சுவழக்கு, அவ்வளவுதான். ஆனால் பேராசிரியர் முன்னால் வேண்டாம். கடையில் 'செத்வெர்தின்கா' என்றாலும் புரியும். வயதானவர்கள் பலர் 'மாலின்கயா' என்பார்கள், 'சின்னது' என்று பொருள். அந்த அம்மா அன்றைக்குப் படத்தைப் பார்த்துச் சொன்னதும் அதைத்தான்: "இவர் எப்போதும் மாலின்கயாதான் வாங்குவார்."

பெரியவருக்கு வாங்கிப் போகும்போது ஒரு வெள்ளரி ஊறுகாய் பாட்டிலும் சேர்த்து எடுத்துக்கொள். உட்காரச் சொல்லுவார். நீ குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்.