மெக்ரிச்சி காட்டுப்பாதையில் முதல் ஓட்டம்

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கும் நான் சாலையில் 5 கிலோமீட்டர் ஓடிப் பழகியவள். மெக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில், நடப்பவர்களுக்கு இடையூறின்றி ஓடத் தொடங்குவது எப்படி?

பதில்: முழுச் சுற்று சுமார் 11 கிலோமீட்டர் என்பதால், முதல் நாளில் அதற்கு ஆசைப்படாமல், 3 கிலோமீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள். வேர்களும் கற்களும் நிறைந்த மண்ணில் சிறு எட்டுகளாக வைத்து, பார்வையைச் சற்று முன்னே செலுத்தி ஓடினால் கணுக்கால் பிசகாது. மழைக்குப் பின் மண்ணைவிட மரப்பலகை நடைபாதையே அதிகம் வழுக்கும், அங்கே நடந்துவிடுங்கள்.

முதியவர்களும் குழந்தைகளும் வரும் பாதை அது என்பதால், பின்னாலிருந்து நெருங்கும்போது தொலைவிலேயே குரல் கொடுத்து, வேகத்தைத் தணித்துக் கடப்பது ஓடுபவரின் கடமை என்றே கருதுகிறேன். இயர்போன் வேண்டாம். குறுகலான இடத்தில் ஓரச் செடிகளை மிதித்து முந்தினால் பாதை அகன்று காடு தேயும், ஆகவே காத்திருங்கள். குரங்குகளின் கண்ணில் உணவு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.