நோயிலிருந்து மீள்பவர்கள் வெளியில் ஒரு நாள்: கேள்வி பதில்

வார்டில் 22 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். காய்ச்சல், அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை முடிந்து முதன்முதலாக வெளியே வருபவர்களின் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டவா குறைக்கவா என்று மட்டும் கேட்காதீர்கள். அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

நிமோனியா வந்து பத்து நாள் படுக்கை. காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. பூங்காவில் போய் உட்கார ஆசை. ஆனால் எழுந்தாலே கண் இருட்டுகிறது.

ஆசை நல்லதுதான், போகலாம். அதற்கு முன்னால் அந்தக் கண் இருட்டலைக் கவனியுங்கள். நாள்கணக்கில் படுத்தே இருந்தால் உடம்பில் ரத்தத்தின் அளவு கொஞ்சம் குறையும். எழுந்ததும் ரத்தம் காலில் தங்கிவிடாமல் மேலே தள்ளுகிற வேகமும் மந்தமாகிவிடும். நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் கருவி இருந்தால் படுத்தபடி ஒருமுறை, நின்று ஒருமுறை பாருங்கள். டாக்டர் சரி என்ற பிறகே பூங்கா.

எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் கால் தொங்க உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது தரம் அசையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இன்னொரு நிமிடம் கழித்து நடங்கள். பூங்காவிலும் அதே முறைதான். கைப்பிடி உள்ள நாற்காலியாகப் பாருங்கள். தரையில் விரிப்பு வேண்டாம். உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு. ஒருவர் கூட இருக்கட்டும்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்?

முதல் நாள் 20 நிமிடம். இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று தோன்றும்போதே கிளம்புங்கள்.

வைட்டமின் டி-க்காக ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் உட்காருகிறேன். போதுமா?

போதாது. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதற்காக உச்சி வெயிலுக்கும் போகாதீர்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்ச வெயிலே தோலைப் பொசுக்கிவிடும். மாத்திரைச் சீட்டைப் பாருங்கள், நிழலில் உட்காருங்கள்.

டெங்கு. நேற்றோடு காய்ச்சல் விட்டது. இன்று வெளியே போகலாமா?

வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான கட்டம். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், காரணமில்லாத அசதி, இதில் எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எதுவும் வராவிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை வீட்டிலேயே இருங்கள்.

உட்கார்ந்தே இருந்தால் எப்படிப் பலம் வரும்? வைரஸ் காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே நான் 6,000 காலடி நடந்தேன். எல்லாரையும் நடக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒத்துக்கொண்டதில் சந்தோஷம். எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். வைரஸ் நோய்க்குப் பிறகு சிலருக்கு இதயத் தசையில் அழற்சி இருக்கும், வெளியே தெரியாது. அந்த நிலையில் உடம்பை வருத்துவது உயிருக்கே ஆபத்து.

(அவரே) படுத்தே கிடந்தால் தசை கரையும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?

கரையும், உண்மைதான். அதற்காகத்தான் பாதத்தை அசைக்கச் சொன்னேன், நாற்காலிவரை நடக்கச் சொன்னேன். அந்தந்த நாளின் தெம்பு எவ்வளவோ அவ்வளவுதான் நடை. நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் அது அதிகம்.

(அவரே) அன்றைக்கு எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே?

அன்றைக்குத் தெரியாமல் போகலாம். சிலருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகும். என் வார்டில் இருந்த ஒருவர், வீடு போன வாரமே கணக்கு வைத்து நடந்தார். இரண்டு நாள் கழித்து டம்ளரைத் தூக்கக் கை நடுங்கியது. இரண்டு கையாலும் பிடித்தும் தண்ணீர் சட்டையில் சிந்தியது. பிறகு தினமும் மரத்தடியில் உட்கார்ந்து, ஒரு பூச்சிச் சிறகை எறும்புகள் இழுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத்தான் தேறினார். அடிக்கணக்கை மூன்று வாரம் மறந்துவிடுங்கள். உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் இதில் நான் மாற மாட்டேன்.

தனியாகப் போகலாமா?

மேலே சொல்லிவிட்டேன். கூட ஒருவர் வேண்டும்.

எனக்கும் எழுந்தால் தலை சுற்றுகிறது…

முதல் பதிலைப் படியுங்கள். உட்கார்ந்து, பொறுத்து, பிறகு எழுங்கள்.

படுக்கையில் இருந்ததிலிருந்து ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை சூடாக வலிக்கிறது. வெளியே நடந்தால் சரியாகுமா?

நடக்காதீர்கள், பிடித்துவிடவும் வேண்டாம். ரத்தக் கட்டியாக இருக்கலாம். இன்றே டாக்டரைப் பாருங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு இடுப்பு அறுவை முடிந்தது. வெளியே வரவே மாட்டேன் என்கிறார்.

வற்புறுத்தாதீர்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆனால் நான் வார்டில் கண்டதும் அதுவே. சில நாள் போனால் அம்மாவே அந்த மரத்தடிக்குக் கூட்டிப் போகச் சொல்வார். அப்போது கைப்பிடி உள்ள நாற்காலியை முன்கூட்டியே அங்கே போட்டு வையுங்கள்.