வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால் போனில் வைத்தியம் பார்க்க முடியுமா?

கேள்வி: சேரன்மகாதேவியில் ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. அம்மாவுக்கு 68 வயது, இன்சுலின் போடுகிறார். 2023 டிசம்பர் மாதிரி மறுபடி வெள்ளம் வந்தால் போனிலேயே டாக்டரிடம் கேட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: சமாளிக்கலாம், ஆனால் பாதி வேலை மழைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, பல ஊர்களில் கரண்டோடு டவரும் போனது. அதனால் வீடியோவை நம்பாதீர்கள். அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இப்போதே நேரில் போய், அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த நோயாளிக்கு அதே மருந்தைப் போன் வழியாகத் தொடர்ந்து எழுதித் தர 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல் இடம் தருகிறது. புது டாக்டர் என்றால் பல மருந்துகளுக்கு வீடியோவில் பார்த்தாக வேண்டும். ஆன்லைனில் டாக்டரிடம் பேச உதவும் அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசம்தான், ஆனால் அதற்கு நெட் வேண்டும்.

அப்புறம் இன்சுலின். இதில்தான் எனக்குப் பயம் அதிகம். நம் ஊரில் குப்பி மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது 100. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. முகாமில் 100 யூனிட் குப்பி கிடைத்து, வீட்டிலிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். டாக்டர் போனில் “இருபது போடுங்க” என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார். எனவே பேசும்போது குப்பியில் உள்ள எண்ணையும் மூடியின் நிறத்தையும் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டைத் தாளில் எழுதி, குளுக்கோமீட்டரோடு பிளாஸ்டிக் பையில் வையுங்கள்.

சாப்பாடு கிடைக்காத நாளில் ஊசியை வழக்கம்போலப் போடவோ தானாக நிறுத்தவோ வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். வேர்த்து, கை நடுங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம், யாரையும் கேட்காமல் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

நினைவு தப்பினாலோ, நெஞ்சுவலி, வாய் கோணல், பாம்புக்கடி என்றாலோ போன் ஆலோசனைக்கு நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். தண்ணீர் சூழ்ந்திருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. தெருப் பெயரோடு, நடக்க முடியாதவர் இருந்தால் அதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.